ஜன்னலுக்குக் கீழே நிற்கும் பேருந்து

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நாங்கள் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யோடு எதற்கு ஆரம்பிக்க வேண்டும்? உன் அத்தானுக்கு இருமல் நிற்கவில்லை.

பேருந்தின் கடைசி நிறுத்தத்தை எங்கள் ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? வருகிற ஒவ்வொரு பேருந்தும் எஞ்சினை ஓடவிட்டபடியே நிற்கிறது. டிரைவர் இறங்கி, தேநீர் குடித்து, நியாயம் பேசி, பல் குத்திக்கொண்டு திரும்பும்வரை அது உறுமிக்கொண்டே இருக்கிறது. புகை நேராக மாடிக்கு வருகிறது. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகளைத் தைத்து ஜன்னலோரம் மாட்டினால் தோள்பட்டையில் கரி படிகிறது. தட்டினால் இன்னும் பரவுகிறது. தைப்பதைவிடத் துவைப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. சட்டையையாவது துவைக்கலாம், நுரையீரலை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அத்தான் மட்டும் இதிலும் விளையாட்டு. ஒவ்வொரு பேருந்தின் சத்தத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். நேற்று ஒன்றைக் காட்டி, "இது மாமியார் வண்டி, நின்னாலும் வாய் ஓயாது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

கீழே போய் ஒரு டிரைவரிடம் அணைக்கச் சொன்னேன். "அணைச்சா நீங்க வந்து தள்ளுவீங்களாம்மா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நகராட்சிக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறேன்.

நீயும் அதே நிர்வாகத்தில் பேருந்து ஓட்டுகிறவன். எனக்கு உண்மையைச் சொல். இவர்கள் ஏன் அணைக்க மாட்டேன் என்கிறார்கள்? திமிரா, சோம்பலா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது. அத்தானின் இருமலை நினைத்தால் கவலையாக இருக்கிறது. நல்ல மருத்துவமனையில் காட்டு.

நீ கேட்டதற்குப் பதில்: திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. பேட்டரிகள் எல்லாம் செத்துப்போனவை. புதிது வாங்கித் தருவதில்லை. காலையில் டெப்போவில் இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு இரவு திரும்பும்வரை அணைக்கக் கூடாது என்பது வாய்மொழி உத்தரவு. காகிதத்தில் எங்கேயும் கிடையாது. வழியில் அணைத்து, வண்டி கிளம்பாமல் போனால் மெமோ எங்களுக்குத்தான். நானும் நாள் முழுக்க அணைக்காமல்தான் ஓட்டுகிறேன். என் ஜன்னலுக்குக் கீழே இல்லை என்பதால் தெரியவில்லை.

இதெல்லாம் நம் வீட்டுக்குள் இருக்கட்டும், அக்கா. வெளியே போனால் எனக்குத்தான் ஆபத்து.

அத்தானைப் பின்னறைக்கு மாற்றிப் படுக்க வைத்தால் என்ன?

பிள்ளைகள் விசாரித்தார்கள்.

தம்பி

---

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சின்னவளின் பல்லைப் பத்திரமாக விளக்கச் சொல்.

பின்னறைக்கு ஏன் மாற்ற வேண்டும்? அங்கே ஜன்னலே கிடையாது. அதோடு, வாடகை கொடுத்துக் குடியிருக்கிற வீட்டில் புகைக்கு முன்னறையை விட்டுக்கொடுத்துவிட்டு நாங்கள் ஒண்டிக்கொள்வதா? வந்தவன் உட்காருவதும் இருந்தவன் எழுந்து போவதும் எந்த ஊர் நியாயம்? நகராமல் இங்கேயே இருக்கிறோம்.

ஒரு நல்ல செய்தி. நகராட்சி புது விதி போட்டிருக்கிறது. நிற்கிற எந்த வாகனமும் மூன்று நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிடக் கூடாது. விதியின் பிரதியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அலுவலகத்துப் பெண், "உங்களுக்குப் புரியாதும்மா" என்றாள். துணி சுற்றி வந்த செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றவள் நான். புரியாத சொல்லை அகராதியில் பார்த்து, பக்கம் பக்கமாகப் படித்து முடித்தேன். எழுதியவனுக்கே அவ்வளவு புரிந்திருக்காது.

ஜன்னலுக்கு நேரே பலகை வைத்துவிட்டார்கள். டிரைவர்கள் அதில் சட்டையை மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்கள். ஏப்ரலில் குறைகேட்புக் கூட்டம் இருக்கிறதாம். பேசுகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். முதல் பெயர் என்னுடையது.

உன் அத்தான் ஏதோ இருக்கிறார். நீ கவலைப்படாதே.

அக்கா

---

ஏப்ரல் 17

அன்புத் தம்பிக்கு,

நீ வந்து பார்த்திருக்க வேண்டும். அக்கா ஜெயித்துவிட்டேன்.

கூட்டத்தில் உங்கள் நிர்வாகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. வண்டிகள் எல்லாம் முதல் தரமான நிலையில் இருக்கின்றன, டிரைவர்களுக்கு ஒழுங்கு போதாது, அவர்களுடைய சோம்பல்தான் காரணம், அபராதத்தை அவர்கள் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வாய் கூசாமல் சொன்னார். எனக்கு உள்ளே எரிந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து போகிற என் தம்பி சோம்பேறியா? எழுந்து நின்று, "நீங்க சொல்றது பொய்" என்றேன்.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. எப்படித் தெரியும் என்று கேட்டார். "என் தம்பி உங்க பஸ்தான் ஓட்டுறான். பேட்டரி செத்துக் கிடக்கு, அணைக்காதன்னு நீங்கதான் வாயால சொல்லியிருக்கீங்க. காகிதத்துல இருந்தா காட்டுங்க" என்றேன். எந்த டெப்போ என்று கேட்டார். அதையும் சொன்னேன். அப்புறம் அவர் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பலகையில் சட்டை மாட்டுகிற டிரைவர்களில் ஒருவனும் கைதட்டினான்.

நான் சொன்னதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். இந்த ஊர் வண்டிகளுக்குப் புதுப் பேட்டரி கேட்டு நகராட்சி கடிதம் அனுப்பப் போகிறது. அதுவரை பாதி வண்டிகளை வேறு இடத்தில் நிறுத்துகிறார்கள். நேற்று மத்தியானம் கொஞ்ச நேரம் தெருவே நிசப்தமாக இருந்தது. உன் அத்தான் நன்றாகத் தூங்கினார்.

பெருமையாக இருக்கிறது. உடனே பதில் போடு.

அக்கா

---

மே 14

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எதுவும் சரியில்லையா? பதில் இல்லை. நான்தான் தினமும் தபால்காரனை மறித்துக் கேட்கிறேன். அவன் என் தலையைக் கண்டாலே தெருமுனையிலிருந்து கையை ஆட்டிவிட்டுப் போகிறான். அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

தையல் ஓடவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்து மறுபடி தைத்தேன்.

பேட்டரி இன்னும் வரவில்லை. கடிதம் கிளம்பியதா, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், மேலே பரிசீலனையில் இருக்கிறதாம். வேறு இடத்தில் நின்ற வண்டிகளெல்லாம் மறுபடி இங்கேயே வந்துவிட்டன. அன்றைக்கு ஒரு மத்தியானம் கிடைத்த நிசப்தத்தோடு சரி.

கூட்டத்தில் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. டெப்போவைத்தான் சொன்னேன். ஒரு டெப்போவில் எத்தனையோ டிரைவர்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உண்மையைச் சொன்னதற்கு யாரும் யாரையும் ஒன்றும் செய்துவிட முடியாது.

உன் அத்தான் சுமாராக இருக்கிறார். ஒரு வரியாவது எழுது.

அக்கா

---

மே 30

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். அண்ணனுக்கு உடம்பு தேவலையா? இங்கே பிள்ளைகள் நலம். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்த டெப்போவில் உங்கள் ஊரில் அக்கா இருக்கிற டிரைவர் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இப்போது டயர் கொட்டகையில் நிற்கிறார். நிர்வாக ரகசியத்தை வெளியே சொன்னதாக விசாரணை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியவன் கார் பொம்மையைக் கையில் கொடுத்து விளையாடக் கூப்பிட்டால், உருட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டெப்போ மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க நாத்தனார் ஆத்திரத்துல தானா இட்டுக்கட்டிச் சொன்னதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், விட்டுடலாம்" என்றார். உங்களிடம் கேட்கலாம் என்று இவரிடம் சொன்னேன். கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் கேட்கிறேன், அண்ணி. நீங்கள் என்னைவிட மூத்தவர். வீட்டுக்குள் இருக்கட்டும் என்று அவர் எழுதினாராமே. ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எனக்கு இருப்பது அவருடைய வேலை ஒன்றுதான்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

---

ஜூன் 11

அம்மாடி,

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. கோபப்படு, திட்டு, நான் செத்தால்கூட வராதே. ஆனால் என் வாயால் சொன்ன உண்மையை என் கையாலேயே பொய் என்று எழுத மாட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். கூட்டத்துக் குறிப்பில் இருக்கிற ஒரே சாட்சி என் பேச்சு. அது பொய் என்றால் பேட்டரி கேட்டுப் போன கடிதமும் பொய். வண்டிகள் எல்லாம் முதல் தரம், டிரைவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று ஆகிவிடும். உன் புருஷனையும் சேர்த்துத்தான்.

விசாரணைக்கு நானே வருகிறேன். அந்த மேலாளர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். தேதியை எழுது.

இன்னொன்று. இது உனக்கு மட்டும். உன் அண்ணனுக்கு நுரையீரல் பெரும்பகுதி போய்விட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது. குழாயை எடுத்தால் ஜன்னல்வரைக்கும்கூட நடக்க முடியாது. சுமார், ஏதோ இருக்கிறார் என்று தம்பிக்கு எழுதியதெல்லாம் நானாக எழுதியது. இந்த நிலைமையில் அவனுக்கு இதுவும் தெரிய வேண்டாம். சொல்லிவிடாதே.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

அண்ணி

---

ஜூலை 6

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இவள் உனக்கு எழுதியதும் நீ பதில் போட்டதும் தெரியும். வேண்டாம் என்று சொல்லியும் எழுதியிருக்கிறாள். கடிதத்தை என்னிடம் காட்டவில்லை. நீ மறுத்துவிட்டாய் என்று மட்டும் சொன்னாள். நீ மறுப்பாய் என்று எனக்குத் தெரியும்.

விசாரணை முடிந்துவிட்டது. நீ வருவதற்கு அவசியம் இல்லை. உன் அக்காவிடம் அப்படிச் சொன்னாயா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றேன். சொன்னது உண்மையா என்றார்கள். கீழே போய் வண்டிகளைப் பாருங்கள் என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

மேலாளர் சிரித்துக்கொண்டே, "அக்கா மேல அவ்வளவு பாசம்னா அக்கா வாசல்லயே போய் ஓட்டு" என்றார். உன் ஊர் டெப்போவுக்கு மாற்றல். உன் தெருவில் முடிகிற வண்டிதான். குடும்பத்தை அழைத்து வர முடியாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. டிரைவர்கள் தங்கும் அறையிலேயே படுத்துக்கொள்வேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன். கோபம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி வந்து நிற்கும்போது கீழே இறங்கி வந்து என்னிடம் அணைக்கச் சொல்லாதே. அணைத்தால் கிளம்பாது. கிளம்பாவிட்டால் இந்த முறை கொட்டகைக்கு அனுப்ப மாட்டார்கள், வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அதற்குத்தான் என்னை அங்கே அனுப்புகிறார்கள்.

தம்பி

---

ஜூலை 24

தம்பிக்கு,

சௌக்கியமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. நான் மாடியில் இருக்கிறேன், நீ கீழே இருக்கிறாய். நடுவில் பன்னிரண்டு படி. கடிதம் மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டு உன் டெப்போவுக்கு வருகிறது.

உன் வண்டி வரும்போது எனக்குத் தெரியும். ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். நீ ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்பைவிட இளைத்திருக்கிறாய். தேநீர் குடிக்கப் போகாமல் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாய். கண்ணாடியைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைக்கிறாய்.

நான் கீழே வரமாட்டேன். அணைக்கச் சொல்லமாட்டேன். உன் வண்டி நிற்கும் நேரத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். மற்ற வண்டிகளுக்கு இறங்கிப் போகிறேன், அது வேறு. "உங்க தம்பி வண்டிக்கு மட்டும் விதி கிடையாதாம்மா?" என்று ஒரு டிரைவர் கேட்டுவிட்டான். நான் திரும்பிப் படியேறிவிட்டேன். எனக்குப் பதில் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

உன் அத்தான் கீழே நிற்பது யார் என்று கேட்டார். யாரோ புதுசு என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சிரித்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு. வந்தால் இங்கேயும் சாப்பாடு இருக்கிறது.

அக்கா

---

ஆகஸ்ட் 19

அம்மாடி,

உன் வீட்டுக்காரன் உனக்கு எழுதுவான். அவன் பாதியை விழுங்கிவிட்டு எழுதுவான் என்பதால் முழுவதையும் நான் எழுதுகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அவன் நன்றாக இருக்கிறான். பக்கத்தில் படுத்திருக்கிறான்.

போன வாரம் உன் அண்ணனுக்கு மூச்சு திணறி மருத்துவமனையில் சேர்த்திருந்தேன். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேற்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பேருந்து நின்றது. உன் வீட்டுக்காரனுடைய வண்டி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டித்தான் படிக்குப் போக வேண்டும். புகை உன் அண்ணனின் முகத்துக்கு நேராக வந்தது. இருமக்கூட அவருக்குத் தெம்பில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

தம்பி சீட்டிலிருந்து பார்த்தான். முதலில் அவரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தான். மறுபடி நாற்காலியைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. சொல்லாதே என்று நான் எழுதியதை நீ காப்பாற்றியிருக்கிறாய். அவன் எனக்கு அப்படி எழுதினான், நான் காப்பாற்றவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அவன் கை சாவிக்குப் போனது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆமாம், நான்தான். இத்தனை மாதம் ஒவ்வொரு வண்டியாக அணை அணை என்று கத்தியவள், இந்த ஒரு எஞ்சின் ஓடட்டும், ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். உன் முகமும் பிள்ளைகளின் முகமும்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவன் அணைத்துவிட்டான்.

தெரு அப்படியே அமைதியாகிவிட்டது. உன் அண்ணன் கண்ணைத் திறந்து, "யாருடா அது, சொல்லாமலே அணைச்சவன்?" என்றார். தம்பி இறங்கி ஓடிவந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். "நான்தான் அத்தான்" என்றான். "நீயா? அப்ப உங்கக்கா பேச்சைக் கேக்குறதுக்கு உலகத்துல ஒருத்தன் இருக்கான்" என்றார். நடுவில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான் சொன்னார். ஆனாலும் சொல்லி முடித்தார்.

கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தம்பி கீழே போனான். வண்டி கிளம்பவில்லை. பயணிகள் அவனைத் திட்டினார்கள். நாலு பேர் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. டெப்போவிலிருந்து வண்டி வந்து அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. வந்தவர் மெமோவைக் கொடுத்தார். ஏன் அணைத்தாய் என்பதற்கு எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டுமாம்.

நான் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். விதி எண், பிரிவு எல்லாம் எனக்கு மனப்பாடம். பக்கம் பக்கமாக எழுதுவேன். அவன் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான். "நீ பேசுனது போதும்க்கா. இதை நான் எழுதிக்கிறேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி எழுதி மடித்து உறையில் போட்டான். என்ன எழுதினான் என்று காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலை இருக்குமா, போகுமா என்று தெரியாது. உன்னிடம் ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம், வரவில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. முன்னறை பெரியது, எல்லோரும் படுக்கலாம். உன் அண்ணன் இருக்கும்போதே வந்தால் நல்லது.

கீழே அடுத்த வண்டி வந்து நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. தபாலில் போட வேண்டிய இதையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.

அண்ணி